நான்கு மலைகளுக்குள்ளே: நவஹோ மக்கள் வீடு திரும்பும் வழி

பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி காய்ந்து விழுந்தவுடன், அதை வீட்டின் அருகிலோ ஆட்டுப்பட்டியின் அருகிலோ மண்ணில் புதைத்து வைப்பது நவஹோ மக்களின் வழக்கம். அவ்விடத்தோடு அக்குழந்தை வாழ்நாள் முழுவதும் கட்டுண்டிருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. வளர்ந்து ஆளாகி, பிழைப்பைத் தேடி எத்தனை தொலைவு சென்றாலும், கொடி புதைந்த இடமே வீடு எனப்படும். தாய்க்கும் சேய்க்கும் உள்ள பிணைப்பைத் தொப்புள்கொடி உறவு என்று நாம் சொல்லுகிறோம். இம்மக்கள் மண்ணுக்கும் மனிதனுக்கும் அவ்வுறவு உண்டு என்கின்றனர்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கில், அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா என்னும் மூன்று மாநிலங்களிலும் பரந்து கிடக்கிறது நவஹோ நாடு. அதன் பரப்பு ஏறத்தாழ 27,000 சதுர மைல். அந்நாட்டின் ஆதிக்குடிகளுக்கென ஒதுக்கப்பட்ட நிலங்களில் இதுவே மிகப் பெரியது. 'நவஹோ' என்பது பிறர் இட்ட பெயர். அவர்கள் தங்களைத் 'தினே' என்று அழைத்துக் கொள்கின்றனர். 'மக்கள்' என்பதே அதன் பொருள். பதிவு பெற்ற உறுப்பினர் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர். அவர்களுள் பாதியளவினர் அல்புகெர்க்கி, பீனிக்ஸ் முதலிய நகரங்களில் வேலையின் பொருட்டு எல்லைக்கு வெளியே வாழ்கின்றனர். விடுமுறை கிடைத்தவுடன் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் புறப்படுவது அவர்களிடையே வழக்கமான காட்சி. வழியில் பிள்ளைகளுக்குப் பெரியோர் மலைகளையும் பாறைகளையும் சுட்டிக் காட்டிக்கொண்டே செல்கின்றனர். அயலார் கண்ணுக்கு அவை அழகிய இயற்கைக் காட்சிகள். அவர்களுக்கோ ஒவ்வொன்றும் ஒரு வரலாறு. அல்புகெர்க்கியிலிருந்து மேற்கே செல்லும் அவ்வழியைப் பற்றியதே இக்கட்டுரை.

இறையியல் ஏட்டில் இதற்கு இடம் ஏன் என்று வாசகர் கேட்கலாம். பழைய ஏற்பாட்டில் நிலம் பெறும் இடத்தை நமது வகுப்புகளில் கற்பிக்கும்போது ஒரு வினா தவறாமல் எழும். ஆபிரகாமுக்கு வாக்களிக்கப்பட்ட நிலம், சிறையிருப்பினின்று திரும்பி வந்த நிலம், சீயோன் மலை என்று ஓர் ஏற்பாடு முழுவதும் இடத்தைப் பற்றிப் பேசிய திருமறை, யோவான் நான்காம் அதிகாரத்துக்கு வந்தவுடன், இம்மலையிலும் அன்று, எருசலேமிலும் அன்று என்னும் பொருள்படக் கூறி, இடத்தின் கணக்கைத் தீர்த்துவிட்டதா என்பதே அவ்வினா. ஆம் என்றே நாம் பல ஆண்டுகள் விடை கூறி வந்தோம்; பிரசங்க பீடத்திலும் அவ்வாறே போதித்தோம். இடத்தைப் புனிதமாகக் கருதுதல் சமய வாழ்வின் கீழ்ப்படி என்றும், ஆவியோடும் உண்மையோடும் தொழுதல் அதன் மேற்படி என்றும் வரிசைப்படுத்தி முடித்தோம். நவஹோ மக்களின் வரலாற்றைச் சற்று ஊன்றிக் கற்றபின், அவ்விடை அத்துணை எளிதாக நாவில் வருவதில்லை.

பெக்கோஸ் ஆற்றங்கரை

வீடு திரும்பும் வழியை அறிய வேண்டுமாயின், எங்கிருந்து திரும்பினர் என்பதை முதலில் அறிய வேண்டும். ஆதலின் அல்புகெர்க்கிக்கும் கிழக்கே, நியூ மெக்சிகோவின் சமவெளியில் பெக்கோஸ் ஆறு ஓடும் சம்னர் கோட்டைக்கு நாம் முதலில் செல்வோம்.

1863-ஆம் ஆண்டில் தளபதி ஜேம்ஸ் கார்ல்ட்டன் இட்ட ஆணையின்படி, கிட் கார்சன் என்பவர் படையோடு நவஹோ நாட்டுக்குள் நுழைந்தார். போர்க்களத்தில் வெல்வதைவிடப் பட்டினியால் பணிய வைப்பதே அவர்கள் கையாண்ட முறை. சோளக்கொல்லைகள் எரிக்கப்பட்டன, ஆட்டு மந்தைகள் அழிக்கப்பட்டன. குளிர்காலம் வந்ததும் மக்கள் கூட்டம் கூட்டமாகச் சரணடைந்தனர். 1864 முதல் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் முந்நூறு மைலுக்கும் அதிகமான தொலைவு இப்பெக்கோஸ் கரைக்கு நடத்திக் கொண்டுவரப்பட்டனர். 'நெடுநடை' என்று அதனை வரலாறு குறிக்கிறது. நடக்க இயலாது பின்தங்கிய முதியோரும் கர்ப்பிணிகளும் வழியில் சுடப்பட்டதை இன்றும் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுகின்றனர்.

இங்கு ஒன்றை நாம் மறைத்தல் ஆகாது. இம்மக்களை மலைகளினின்றும் மறைவிடங்களினின்றும் பிரித்துக் கொணர்ந்து, பிள்ளைகளுக்கு எழுத்தறிவும் கிறிஸ்தவ உண்மைகளும் புகட்டினால், பழைய வழிகள் முதியோரோடு மடிந்து புதிய தலைமுறை உருவாகும் என்பதைக் கார்ல்ட்டன் தம் மேலதிகாரிகளுக்கு எழுதிய கடிதங்களில் வெளிப்படையாகவே கூறினார். அவர்கள் நிலத்தில் பொன் கிடைக்கும் என்னும் எண்ணமும் அவருக்கு இருந்தது. எனினும் நமக்கு உரியது முதற்சொன்ன நோக்கமே. இடத்தினின்று பிரித்தால்தான் மனம் மாறும் என்னும் கோட்பாட்டில் மறைபணியின் சாயலும் இருந்தது.

நடந்தது வேறு. ஆற்றுநீர் உப்புக் கரித்தது. விதைத்த சோளத்தைப் புழுக்கள் ஆண்டுதோறும் தின்று தீர்த்தன. விறகுக்கு மேன்மேலும் தொலைவு செல்ல வேண்டியதாயிற்று. நான்கு ஆண்டுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று மதிப்பிடப்படுகிறது.

1868 மே இறுதியில் தளபதி வில்லியம் ஷெர்மனும் சாமுவேல் டாப்பன் என்பவரும் அரசின் சார்பில் உடன்பாடு பேச வந்தனர். நவஹோ மொழியில் பேசியது ஸ்பானிய மொழிக்கும், அதிலிருந்து ஆங்கிலத்துக்கும் பெயர்க்கப்பட்டே ஷெர்மனின் செவியை எட்டியது. மக்கள் சார்பில் பேசியவர் பார்போன்சித்தோ; இவர் தலைவர் மட்டுமல்லர், சடங்குப் பாடல்களை ஓதும் சமயப் பெரியவரும் ஆவார். ஷெர்மன் அவர்களைக் கிழக்கே, இன்றைய ஒக்லஹோமாவுக்கு அனுப்ப விரும்பினார். அங்கு நல்ல நிலம் உண்டு என்றார். பார்போன்சித்தோ நிலத்தின் தரத்தைப் பற்றி வாதிடவே இல்லை. நாங்கள் படைக்கப்பட்ட காலத்தில் நான்கு மலைகளும் நான்கு ஆறுகளும் எங்களுக்குச் சுட்டிக் காட்டப்பட்டன. அவற்றுக்குள்ளே வாழும்படி எங்களுக்குச் சொல்லப்பட்டது. அவ்வெல்லையைக் கடந்து வந்ததாலேயே இங்கு எங்களுக்குச் சாவு நேர்கிறது. எங்கள் நாட்டைத் தவிர வேறெங்கும் எங்களைப் போகச் சொல்லாதிருக்க வேண்டுகிறோம் என்பதே அவர் கூறியதன் சாரம். உரிமைப் பத்திரத்தையோ போர் வெற்றியையோ அவர் ஆதாரமாகக் காட்டவில்லை. படைப்பையே ஆதாரமாகக் காட்டினார்.

இம்மக்களுக்கு உணவளிக்க அரசுக்கு ஆண்டுதோறும் ஆன பெருஞ்செலவும் ஷெர்மனின் மனத்தை இளக்கியிருக்க வேண்டும். எவ்வாறாயினும் ஜூன் 1-ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஜூன் 18-ஆம் நாள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் மேற்கு நோக்கிப் புறப்பட்டனர். அவ்வரிசை பத்து மைல் நீளம் இருந்தது என்பர். பேச்சுவார்த்தைக்கு முன் மக்கள் வட்டமாக நின்று ஒரு கொயோட்டை, அதாவது அந்நாட்டு நரியை, நடுவில் பிடித்து, பார்போன்சித்தோ அதன் வாயில் ஒரு வெண்சங்கு மணியை இட்டு விடுவிக்க, அது மெல்ல மேற்குத் திசையில் நடந்து சென்றது என்று அவர்கள் வாய்மொழி மரபு கூறுகிறது. இது அவர்கள் மீட்பு வரலாற்றின் ஓர் அதிகாரம், கேலிக்குரியது அன்று. பிலேயாமின் கழுதையைப் பற்றி வாசிக்கும் நாம் இந்நரியைப் பொறுமையோடு கேட்கலாம்.

1990-ஆம் ஆண்டில் அவ்விடத்தைக் காண வந்த நவஹோ மாணவர்கள், தங்கள் முன்னோர்க்கு நேர்ந்த உண்மை அங்கு எங்கும் எழுதப்படவில்லை என்று கண்டு, அதைச் சொல்லும்படி கேட்டு ஒரு கடிதம் எழுதி வைத்துச் சென்றனர். 2005-இல் நினைவகம் ஒன்று திறக்கப்பட்டது. நவஹோ மக்கள் தங்கள் நாட்டின் பல இடங்களிலிருந்து கொணர்ந்து குவித்த கற்களும் அவ்விடத்தில் உண்டு. யோசுவா நான்காம் அதிகாரத்தில், இக்கற்கள் என்ன என்று பிள்ளைகள் கேட்கும் நாளுக்காகக் கல் நாட்டப்படுகிறது. இங்கோ பிள்ளைகள் முதலில் கேட்டனர். பின்னரே பெரியோர் விடை எழுதினர்.

தெரிந்த மலை

இனி மேற்கே திரும்புவோம். அல்புகெர்க்கியில் ரியோ கிராண்டே ஆற்றைக் கடந்து, இன்று 40-ஆம் எண் நெடுஞ்சாலையில் விரையும் வண்டியிலிருந்து, வானம் தெளிந்த நாளில், மேற்கில் நீலமாக ஒரு மலை தெரியும். வரைபடத்தில் அதன் பெயர் டெய்லர் மலை; உயரம் 11,301 அடி. 1849-இல் படை அலுவலர் ஒருவர் அப்போதைய குடியரசுத் தலைவர் சக்கரி டெய்லரின் பெயரை அதற்கு இட்டார். நவஹோ மொழியில் அது 'த்ஸோட்ஸில்'. நான்கு புனித மலைகளுள் தெற்கு மலை அதுவே.

1868-இல் திரும்பி வந்தோரும் இவ்விடத்திலேயே அதைக் கண்டனர். அவர்கள் தலைவருள் ஒருவராகிய மனுவெலித்தோ பின்னாளில் அதை நினைவு கூர்ந்தார். அல்புகெர்க்கியிலிருந்து மலையுச்சியைக் கண்டபோது, அது எங்கள் மலைதானோ என்று ஐயுற்றோம். மண்ணோடு பேச வேண்டும் போலிருந்தது, அத்துணை அன்பு அதன்மேல் எங்களுக்கு. முதியோர் சிலர் மகிழ்ச்சியால் அழுதனர் என்று அவர் கூறியதாகப் பதிவு உள்ளது. 126-ஆம் சங்கீதத்தில் சொப்பனம் காண்பவர்களைப் போல் இருந்தவர்களை இதைவிடத் தெளிவாக விளக்கும் உரையை நாம் எங்கும் வாசித்ததில்லை. எபிரெய மூலத்தையும் வினைச்சொற்களையும் ஆராய்ந்து நாம் மாணவர்க்குச் சொல்ல முயன்றதை, அப்போர்வீரர் ஓர் ஐயத்தைக் கூறி விளக்கிவிட்டார்.

நான்கு மலைகளாவன: கிழக்கே கொலராடோவில் பிளாங்கா சிகரம், தெற்கே டெய்லர் மலை, மேற்கே அரிசோனாவில் சான் பிரான்சிஸ்கோ சிகரங்கள், வடக்கே மீண்டும் கொலராடோவில் ஹெஸ்பெரஸ் சிகரம். வெண்மை, நீலம், மஞ்சள், கருமை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் உண்டு. வெண்சங்கு, நீலப்பச்சைக் கல், அபலோன் சிப்பி, கருங்கல்மணி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அணி உண்டு. கிழக்கு மலை மின்னலாலும், தெற்கு மலை கற்கத்தியாலும், மேற்கு மலை கதிரவன் ஒளியாலும், வடக்கு மலை வானவில்லாலும் நிலத்தோடு பிணைக்கப்பட்டன என்பது அவர்கள் படைப்பு வரலாறு. இம்மலைகளுக்கு உட்பட்டதே வாழ்வதற்குரிய உலகம். அதனுள் அழகும் ஒழுங்கும் நலமும் ஒருங்கே நிலவும் நிலையை 'ஹோஸோ' என்பர். நோயுற்றவனை அந்நிலைக்கு மீட்பதே அவர்கள் சடங்குகளின் நோக்கம். எபிரெயரின் 'ஷாலோம்' என்னும் சொல்லோடு இதனை ஒப்பிடும் ஆசை நமக்கு எழுகிறது. ஆனால் ஷாலோமை நாம் எங்கும் கொண்டு செல்லலாம் என்று எண்ணுகிறோம். ஹோஸோவை அந்நான்கு மலைகளைவிட்டுப் பிரித்தெடுப்பது அரிது.

வியப்பு என்னவெனில், இந்நான்கு மலைகளுள் ஒன்றேனும் இன்றைய ஒதுக்கு நிலத்தின் எல்லைக்குள் இல்லை. மேற்கு மலையாகிய சான் பிரான்சிஸ்கோ சிகரங்கள் அரசின் வனத்துறைக்கு உட்பட்டவை. அங்குள்ள பனிச்சறுக்கு விளையாட்டிடத்தில், நகரக் கழிவுநீரைச் சுத்திகரித்துச் செயற்கைப் பனி செய்ய வனத்துறை இசைவளித்தது. நவஹோ மக்களும் ஹோபி முதலிய பிற குடிகளும் வழக்குத் தொடுத்தனர். 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. மலையில் தொழுவதை எவரும் தடுக்கவில்லை, அவர்களுடைய உள்ளத்து ஆன்மிக உணர்வு மட்டுமே பாதிக்கப்படுகிறது என்பது பெரும்பான்மை நீதிபதிகள் கொண்ட கருத்து. இதனைப் படித்தபோது நாம் திடுக்கிட்டோம். சமயம் என்பது உள்ளத்தில் நிகழ்வது, இடத்தில் நிகழ்வது அன்று என்னும் இக்கருத்தை நீதிபதிகள் எங்குக் கற்றனர்? நம்மிடமே கற்றனர்.

டெய்லர் மலையின் அடியில், கிராண்ட்ஸ் என்னும் ஊரையொட்டி, நெடுஞ்சாலையின் இருமருங்கும் கருகிய எரிமலைக் குழம்பு மைல் கணக்கில் உறைந்து கிடக்கிறது. இரட்டை வீரர் இருவர் கொன்ற அரக்கனின் இரத்தம் உறைந்தது அது என்று பிள்ளைகளுக்குக் கதை சொல்லப்படும். அரக்கனின் கதை அத்தோடு முடியவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது. 1950-இல் இதே பகுதியில் ஒரு நவஹோ ஆட்டிடையர் கண்டெடுத்த மஞ்சள் கல் யுரேனியம் என்று தெரிய வந்தது. நவஹோ நாட்டின் பிற பகுதிகளில் 1944-இலேயே தோண்டல் தொடங்கியிருந்தது. 1986 வரை ஏறத்தாழ மூன்று கோடி டன் தாது வெட்டி எடுக்கப்பட்டது. கைவிடப்பட்ட சுரங்கங்கள் ஐந்நூறுக்கு மேல். காற்றோட்டமற்ற சுரங்கங்களில் உழைத்தோர் நுரையீரல் நோயால் மாண்டனர். 2005-இல் நவஹோ அரசு தன் நிலத்தில் யுரேனியம் தோண்டுவதைச் சட்டத்தால் தடை செய்தது.

சர்ச் ராக்கும் ரெகொபோத்தும்

கேலப் நகரை அணுகும்போது, கோயிற்கோபுரம் போன்று எழுந்து நிற்கும் ஒரு பாறை தெரியும். அதன் பெயராலேயே அப்பகுதிக்குச் 'சர்ச் ராக்', அதாவது கோயிற்பாறை, என்று பெயர் வழங்குகிறது. 1979 ஜூலை 16-ஆம் நாள் இங்கு யுரேனிய ஆலையின் கழிவுநீர்த் தேக்கம் உடைந்து, 1,100 டன் கழிவும் 9 கோடியே 40 இலட்சம் காலன் நச்சுநீரும் புவெர்க்கோ ஆற்றில் பாய்ந்தன. அவ்வாற்றங்கரையில் நவஹோ மக்கள் ஆடு மேய்த்துக் கொண்டிருந்தனர். அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில் பென்சில்வேனியாவில் நேர்ந்த அணு உலை விபத்தை உலகமே அறியும். இதனை அறிந்தோர் சிலரே.

இதற்கு அருகில்தான் 1903-இல் கிறிஸ்தவச் சீர்திருத்தச் சபையார் நிறுவிய மறைபணித்தளம் உள்ளது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ரெகொபோத். ஆதியாகமம் 26-இல், தோண்டிய கிணறுகளை எல்லாம் பிறர் வழக்காடிப் பறிக்க, மூன்றாம் கிணற்றுக்கு ஈசாக்கு இட்ட பெயர் அது. கர்த்தர் தமக்கு இடம் உண்டாக்கினார் என்று அவன் மகிழ்ந்தான். பக்தியோடு இட்ட பெயர் என்பதில் ஐயமில்லை. அங்குப் பள்ளியும் மருத்துவமும் வளர்ந்தன. எனினும் இடம் குறுக்கப்பட்ட ஒரு மக்களின் வாயிலில், இடம் உண்டாயிற்று என்று வந்தவர் பெயர் எழுதி வைப்பதில் உள்ள முரணை அன்று எவரும் உணர்ந்ததாகத் தெரியவில்லை. அக்கதையில் ஈசாக்கு யார், கிணற்றைப் பறித்த மேய்ப்பர் யார் என்று கேட்டுப் பார்த்தால் விளங்கும்.

திருமறை மொழிபெயர்ப்பையும் இங்குக் கூற வேண்டும். நவஹோ மொழியில் புதிய ஏற்பாடு 1956-இலும், முழு வேதாகமம் 1985-இலும் வெளியாயின. கடவுளைக் குறிக்க அதில் வழங்குவது 'தியின் காட்' என்னும் தொடர். 'தியின்' என்பது புனிதத்தைக் குறிக்கும் நவஹோச் சொல்; 'காட்' ஆங்கிலச் சொல் அப்படியே நிற்கிறது. நவஹோ மரபில் புனிதர் பலர் இருப்பதால், அவர்களுள் ஒருவராகக் கடவுள் எண்ணப்படலாகாது என்னும் அச்சம் மொழிபெயர்ப்பாளர்க்கு இருந்திருக்கும். நாம் அதைக் குறை கூறவில்லை. இறைவனுக்கு எச்சொல்லை வழங்குவது என்பதில் மறைபணியாளர் எங்கும் இடர்ப்பட்டே இருக்கின்றனர். ஆனால் பயனைப் பாருங்கள்: ஒவ்வொரு மலைக்கும் பாறைக்கும் பெயருள்ள நாட்டில், ஊரும் திசையும் இல்லாத அயற்பெயரோடு ஆண்டவர் வந்து நின்றார்.

சன்னலுள்ள பாறை

கேலப்பிலிருந்து வடமேற்கே சென்றால் நவஹோ அரசின் தலைநகர் வரும். செம்பாறையில் வட்டமாக ஒரு துளை. அதனூடே வானம் தெரியும். 'துளைபட்ட பாறை' என்று பொருள்படும் நவஹோப் பெயரை ஆங்கிலத்தில் 'விண்டோ ராக்' ஆக்கினர். அப்பாறையடியில் இரண்டாம் உலகப் போரின் குறிமொழி வீரர்க்கு நினைவுச் சின்னம் உண்டு. 1942-இல் முதலில் சேர்க்கப்பட்ட 29 இளைஞர் தங்கள் தாய்மொழியைக் கொண்டு அமைத்த குறிமொழியை எதிரிகள் இறுதிவரை அறிய இயலவில்லை. விடுதிப் பள்ளிகளில் பேசியதற்காகப் பிள்ளைகளைத் தண்டித்த அதே மொழி அது.

அவ்விடுதிப் பள்ளிகளின் வேர் 1868 உடன்படிக்கையிலேயே உள்ளது. ஆறாம் பிரிவு, 6 முதல் 16 வயதுவரையுள்ள பிள்ளைகளைக் கட்டாயமாகப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று கூறுகிறது. மறு ஆண்டு குடியரசுத் தலைவர் கிராண்ட் வகுத்த திட்டத்தின்படி, ஆதிக்குடிகளின் நிர்வாகம் சபைப்பிரிவுகளுக்குப் பங்கிடப்பட்டது; நவஹோ நாடு பிரஸ்பிட்டீரியன் சபையின் பங்காயிற்று. நாட்டையும் மக்களையும் சபைகள் பங்கிட்டுக் கொண்ட வழக்கம் மறைபணி வரலாறு கற்போர்க்குப் புதிதன்று. இதன் நற்பயனையும் மறுத்தலாகாது. 1901-இல் பிரஸ்பிட்டீரியன் சபையார் கனாடோவில் தொடங்கிய பணியின் கிளையாக 1930-இல் எழுந்த மருத்துவமனையில், ஆதிக்குடிப் பெண்களுக்குச் செவிலியர் பயிற்சி அளிக்கப்பட்டது. இன்று நவஹோ மக்களிடையே கிறிஸ்தவர் பலர்; அவர்களுள் பழைய சடங்குகளை முற்றும் துறந்தோரும் உண்டு, இரண்டையும் உடன் கொண்டோரும் உண்டு.

உடன்படிக்கையின் ஒரு படியைச் சாமுவேல் டாப்பன் தம்மோடு எடுத்துச் சென்றிருந்தார். தலைமுறை தலைமுறையாக ஒரு பெட்டியில் கிடந்த அது 2019-இல் நவஹோ மக்களிடம் ஒப்படைக்கப்பட்டு, விண்டோ ராக் அருங்காட்சியகத்தை அடைந்தது.

இனி யோவான் நான்குக்கு வருவோம். சூ குடியில் பிறந்து, குருவானவரின் மகனாக வளர்ந்து, இறையியலும் கற்ற வைன் டெலோரியா, 1973-இல் எழுதிய நூலில், மேற்கத்தியக் கிறிஸ்தவம் காலத்தைக் கொண்டு சிந்திக்கிறது, ஆதிக்குடிச் சமயங்கள் இடத்தைக் கொண்டு சிந்திக்கின்றன என்று வாதிட்டார். எப்பொழுது நிகழ்ந்தது என்று நாம் கேட்கிறோம். எங்கே நிகழ்ந்தது என்று அவர்கள் கேட்கின்றனர். அவர் பழைய ஏற்பாட்டுக்கு உரிய நியாயம் செய்யவில்லை என்பது நமது எண்ணம். 1977-இல் வால்ட்டர் புருகெமான் நிலத்தைப் பற்றி எழுதிய நூல் அக்குறையை நிரப்பும். ஆயினும் டெலோரியா தொட்டது புண்ணையே.

ஆண்டவர் அச்சொல்லை யாரிடம் கூறினார்? கெரிசீம் மலையில் தன் முன்னோர் தொழுத கோயிலை இழந்த இனத்துப் பெண்ணிடம் கூறினார். அக்கோயிலைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் இடித்தவர் எருசலேமின் பிரதான ஆசாரியரான யோவான் ஹிர்கானு. இடித்தவர் இனத்தில் பிறந்த ஆண்டவர், உன் மலை பொய், எங்கள் நகரத்துக்கு வா என்று அவளிடம் சொல்லவில்லை. தம் எருசலேமையும் சேர்த்தே விட்டுக் கொடுத்தார். தன் இடத்தையும் உடன் துறப்பவன் வாயில் அது நற்செய்தி. தன் இடத்தைப் பத்திரப்படுத்திக்கொண்டு பிறன் மலையை மட்டும் எடுத்துக் கொள்பவன் வாயில் அதே சொல் வேறாகிவிடுகிறது. நாம் இவ்வசனத்தைப் பிரசங்கித்த நாள்களில், நமக்குச் சொந்தமாக நிலமும் கோயிலும் கல்லறைத்தோட்டமும் இருந்தன. அவற்றுள் ஒன்றையும் விட்டுக்கொடுக்கும் எண்ணம் நமக்கு இருந்ததில்லை.

அதற்காக நவஹோ வரலாற்றை விடுதலைப் பயணத்தின் மறுபதிப்பாக்குவதும் எளிதன்று. ஓசேஜ் குடியைச் சேர்ந்த ராபர்ட் வாரியர் 1989-இல் எழுதிய கட்டுரையில், விடுதலைப் பயணக் கதையைக் கானானியர் நின்ற இடத்திலிருந்து வாசிக்கும்படி கேட்டார்; ஆதிக்குடிகள் அக்கதையில் கானானியரே என்றார். நவஹோ மக்கள் பிறர் நாட்டுக்குள் நுழையவில்லை. தங்கள் நாட்டுக்குத் திரும்பினர். ஆதலின் எஸ்றாவும் நெகேமியாவும் பொருத்தமானவர். எஸ்றா காலத்துத் திரும்புதலைப் போலவே இதிலும் அண்டை அயலாரோடு சிக்கல் இருந்தது. நவஹோ எல்லை படிப்படியாக விரிந்து ஹோபி மக்களின் நிலத்தைச் சூழ்ந்தது. 1974-இல் இயற்றிய சட்டம் நிலத்தைப் பிரித்தபோது பதினாயிரத்துக்கும் மேற்பட்ட நவஹோ மக்கள் மீண்டும் வீடு விட்டுப் பெயர நேர்ந்தது.

செங்குத்துப் பள்ளத்தாக்கு

வடக்கே இரண்டு புகழ்பெற்ற இடங்கள் உண்டு. 'சிறகுள்ள பாறை' என்று அவர்கள் அழைக்கும் ஷிப்ராக், சமவெளியினின்று 1,583 அடி எழுந்து நிற்கிறது. 1939-இல் மலையேறுவோர் அதன் உச்சியை மிதித்தனர்; 1970 முதல் ஏறுதல் தடை செய்யப்பட்டுள்ளது. மானுமெண்ட் பள்ளத்தாக்கைத் திரைப்படங்களில் காணாதவர் இல்லை. 1958 முதல் அது நவஹோ அரசின் பூங்கா. அங்குப் படம் எடுக்கக் கூட்டம் மிகுதி. நமது வழி அங்குச் செல்லவில்லை.

கனாடோவைக் கடந்து சின்லி என்னும் ஊரை அடைந்தால், நிலம் திடீரெனப் பிளந்து, செங்குத்தான செம்பாறைச் சுவர்களுக்கிடையே பசுமையான பள்ளத்தாக்கு தோன்றும். 'பாறைக்குள்ளே' என்று பொருள்படும் 'த்ஸேயி' என்னும் சொல் ஸ்பானியர் வாயில் திரிந்து, இன்று வரைபடங்களில் 'கேன்யன் டி ஷே' என்று வழங்குகிறது. அதனுள் எண்ணூறு அடி உயரம் நிற்கும் இரட்டைத் தூண் பாறையில் சிலந்திப் பெண் வாழ்கிறாள். நெசவை நவஹோ மக்களுக்குக் கற்பித்தவள் அவளே என்பர். 1805-இல் ஸ்பானியப் படை வந்தபோது மக்கள் ஒளிந்து மாண்ட குகையும் இங்கு உண்டு. 1863-64 குளிர்காலத்தில் ஒரு கூட்டத்தார் ஏணி வைத்து ஏறிப் படைக்குத் தப்பிய கோட்டைப் பாறையும் உண்டு.

1931-இல் இது தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. மண்ணோ நவஹோ மக்களுடையதாகவே நீடிக்கிறது. குடும்பங்கள் இன்றும் அடித்தளத்தில் பயிரிடுகின்றன. அயலார் நவஹோ வழிகாட்டி இன்றிக் கீழே இறங்கலாகாது. 1868 உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவு, எல்லைகளைக் கோடுகளால் குறித்துச் செல்லும்போது, இப்பள்ளத்தாக்கைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அது முழுவதும் ஒதுக்கு நிலத்துக்குள் அடங்கும் என்று கூறுகிறது. நான்கு மலைகளுள் ஒன்றும் கிடைக்காத அப்பத்திரத்தில் இஃது ஒன்று கிடைத்தது.

1864-இல் சரணடையாதோரைத் துரத்தி மீண்டும் உள்ளே வந்த படையினர், அங்குக் காய்த்துக் குலுங்கிய பீச்சு மரங்களை ஆயிரக்கணக்கில் வெட்டிச் சாய்த்தனர். திரும்பி வந்தவர்கள் மறுபடியும் நட்டனர். அம்மரங்களின் வழிவந்தவை சில இன்றும் பள்ளத்தாக்கில் காய்க்கின்றன. கோடையில் ஊருக்கு வரும் பிள்ளைகள் அக்கனிகளைப் பிளந்து பாறைகளின்மேல் உலர்த்தப் பாட்டிமாரிடம் கற்றுக் கொள்கின்றனர்.